மலையில் வாழும் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு: தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

குன்னூரை அடுத்த ஓர் ஊரில் வசிக்கும் தம் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க விரும்பும் மகன் ஒருவர் கோவையிலிருந்து கேட்டிருக்கிறார். தந்தைக்கு 71 வயது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது. தாயாருக்கு 64 வயது. ரத்த அழுத்தமும் முழங்கால் மூட்டுத் தேய்மானமும் இருக்கின்றன. சொந்தமாகச் சிறிதளவு தேயிலைத் தோட்டம் உண்டு. மகன் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். எந்தக் கம்பெனியில் எடுப்பது நல்லது, எத்தனை லட்சத்துக்கு எடுக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

கம்பெனியின் பெயரும் லட்சக் கணக்கும் இந்தத் தேர்வில் கடைசியாக முடிவு செய்ய வேண்டியவை. உங்கள் தந்தையாருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள், அங்கே ஐந்தாறு நாள் கழித்துக் கையில் தரப்படும் பில்லில் எவ்வளவு தொகை உங்கள் பையிலிருந்து போகும் என்ற இரண்டையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாலிசியைத் தேடுவதுதான் மலையில் வாழும் முதியோர் விஷயத்தில் சரியான வழி. கோவையில் ஒரு மருத்துவமனை ஒத்துவராவிட்டால் இரண்டு கிலோமீட்டரில் இன்னொன்று கிடைக்கும். நீலகிரியில் அப்படி இல்லை. உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது மாவட்டத்துக்குப் பெரிய ஆறுதல் என்றாலும், தனியார் மருத்துவமனையில் இதய சிகிச்சையோ மூட்டு மாற்று அறுவை சிகிச்சையோ வேண்டும் என்பவர்கள் இன்றும் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தவர்கள் சுல்தான் பத்தேரிக்கோ பெரிந்தல்மண்ணாவுக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய மருத்துவமனைப் பட்டியல் கேரளத்தினுடையது.

ஆகவே ஒரு தாளில் மூன்று மருத்துவமனைகளை எழுதுங்கள். முதலாவது, அரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய, முதலுதவி தந்து நிலைப்படுத்தக்கூடிய உள்ளூர் மருத்துவமனை. இரண்டாவது, மாவட்டத்துக்குள் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை. மூன்றாவது, உங்கள் தந்தையாருக்கு ஸ்டென்ட் வைத்த, அவருடைய பழைய கோப்பு இருக்கும் கோவை மருத்துவமனை. இனி எந்த ஏஜென்ட் எந்தப் பாலிசியைக் கொண்டுவந்தாலும், இந்த மூன்றும் அதில் எப்படி நடத்தப்படுகின்றன என்று கேளுங்கள்.

உள்ளூர் மருத்துவமனை விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில், உள்நோயாளிகளுக்குக் குறைந்தது 10 படுக்கைகளும், இரவு பகலாகத் தகுதி பெற்ற செவிலியரும் மருத்துவரும், அறுவை அரங்கும் இருந்தால்தான் பதிவு பெறாத ஓரிடத்தைப் பாலிசி ‘மருத்துவமனை’ என்று ஏற்கும். உரிய உள்ளாட்சி அல்லது அரசுப் பதிவு இருந்தால் பதிவு போதும். மலையில் நம் குடும்ப மருத்துவர்கள் நடத்தும் நான்கைந்து படுக்கை நர்சிங் ஹோம்கள் பல உண்டு. அவற்றில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் படுத்திருந்துவிட்டுப் பில்லை அனுப்பினால், இந்த வரையறையைக் காட்டி மறுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனை பதிவு பெற்றதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இதே போல இன்னொன்று, வீட்டில் வைத்துப் பார்க்கும் சிகிச்சை. நோயாளியை நகர்த்த முடியாத நிலையிலோ மருத்துவமனையில் இடம் கிடைக்காதபோதோ, மூன்று நாளுக்கு மேல் வீட்டிலேயே மருத்துவர் சிகிச்சை அளித்தால் அதற்கும் பணம் தரும் பிரிவு பல பாலிசிகளில் உண்டு. மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் ஐப்பசி, கார்த்திகையை நினைத்தால் நமக்கென்றே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பிரிவின் கீழேயே விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, இருமல் சளி, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை பெரும்பாலும் அதில் வந்துவிடும். குளிர்காலத்தில் மலை முதியோரைப் படுக்கையில் தள்ளும் நோய்கள் இவையேதான். அந்தப் பிரிவை நம்பி ஒரு பாலிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் செலவையும் பாருங்கள். எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளுடன் விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அறிமுகமான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுப் பாலிசியில் ஒரு முறை மருத்துவமனையில் சேர்வதற்கு ஆம்புலன்ஸுக்கு 2,000 ரூபாய்தான் வரம்பு. குன்னூரிலிருந்து ஆக்சிஜன் வசதியுள்ள தனியார் வண்டியில் கோவைக்கு இறங்குவதற்கு அது போதாது. 108 வண்டிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது நீங்கள் சொல்லும் தனியார் மருத்துவமனைக்கு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த ஒரு வரம்புக்காகப் பாலிசியை ஒதுக்க வேண்டாம். மற்ற எல்லாம் சமமாக இருக்கும் இரு பாலிசிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது உதவும்.

இனி, உங்கள் பெற்றோரிடம் ஏற்கெனவே இருப்பது எது என்று பார்ப்போம். இதைச் செய்யாமலே பிரீமியம் கட்டத் தொடங்குபவர்களே அதிகம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பு இல்லாமல், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆதாரில் உள்ள வயதே இதற்குச் சான்று. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் சேரலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் (சேர்ந்த பிறகும் பணம் கிடைக்காத தொடக்கக் காலம்) கிடையாது என்பது, ஸ்டென்ட் வைத்த 71 வயதுக்காரருக்கு எந்தத் தனியார் கம்பெனியும் எளிதில் தராத சலுகை. மாநிலத்தில் 2009இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்து வருகிறது. 2018இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரியது அது. பெற்றோருக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்து, தோட்ட வருமானம் அந்த வரம்புக்குள் அடங்கினால், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் உதகை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். உங்கள் தாயாருக்கு 70 ஆக இன்னும் ஆறு ஆண்டுகள் இருப்பதால், அவருக்கு இந்த மாநில அட்டையே முக்கியம்.

அட்டை கையில் இருப்பது வேறு, மருத்துவமனை அதை ஏற்பது வேறு. அரசுத் திட்டங்களில் ஒரு தனியார் மருத்துவமனை முழுவதுமாகச் சேர்க்கப்படுவதில்லை. சிகிச்சைப் பிரிவு வாரியாகச் சேர்க்கப்படுகிறது. எலும்பு முறிவுக்கு அட்டையை ஏற்கும் மருத்துவமனை இதய சிகிச்சைக்கு ஏற்காமல் இருக்கலாம். எனவே நீங்கள் எழுதிய மூன்று மருத்துவமனைகளிலும் உள்ள காப்பீட்டு உதவி மேசைக்கு நேரில் சென்று, ‘இந்த அட்டைக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) இங்கே செய்கிறீர்களா?’ என்று சிகிச்சையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 70 வயதினருக்கான அட்டையையும் மாநில அட்டையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆம் என்று பதில் வந்தால், தந்தையாருக்கான பெரிய கவலையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தேசிய உதவி எண் 14555இலும் விசாரிக்கலாம். என்றாலும் மேசையில் இருப்பவர் சொல்வதற்கே மதிப்பு அதிகம், ஏனெனில் அன்றிரவு அட்டையை வாங்கிப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

நீங்கள் பணிபுரியும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டையும் பாருங்கள். பெற்றோரைச் சேர்க்க அனுமதி உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். குழுக் காப்பீடுகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை வெளிச் சந்தைப் பிரீமியத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வேலையை விட்டால் அதுவும் போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது, ஆனால் கிடைப்பதை விடவும் கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: பெற்றோர் மாநில அரசு ஓய்வூதியர் என்றால் ஓய்வூதியர்களுக்கான தனிக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, வெலிங்டன் பக்கத்தில் வாழும் முன்னாள் படைவீரர்களுக்கு அவர்களுக்கே உரிய மருத்துவத் திட்டம் உண்டு, இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்தாண்டு இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். எஸ்டேட் தொழிலாளர்களுக்குத் தோட்ட மருத்துவமனை பணியில் இருக்கும் வரைதான் என்பதால், அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பே மாநில அட்டையை வாங்கிவிட வேண்டும்.

இப்போது தனியார் பாலிசிக்கு வருவோம். முதல் முடிவு, இருவரையும் ஒரே பாலிசியில் போடக் கூடாது என்பது. குடும்பப் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படும். தந்தையாரின் வயதுக்கும் ஸ்டென்டுக்கும் உரிய விலையைத் தாயாருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். ஓராண்டில் தந்தையாருக்கே தொகை முழுவதும் செலவானால் தாயாருக்கு எதுவும் மிஞ்சாமலும் போகலாம்.

தாயாருக்கு வழக்கமான பாலிசியே எடுங்கள், தாமதிக்காமல் எடுங்கள். புதிய பாலிசியை 65 வயது வரை தந்தால் போதும் என்று இருந்த வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் நீக்கிவிட்டது என்பது உண்மை. ஆயினும் வரம்பு நீங்கியதால் விலை குறைந்துவிடவில்லை. பல பாலிசிகளில் வயது கூடினால் நிபந்தனைகளும் கூடும். அதே விதிமுறைப்படி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று குறைக்கப்பட்டது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கெனத் தனிக் காத்திருப்பும் உண்டு. தாயாருக்கு மூட்டுத் தேய்மானம் இருப்பதால் அவருடைய மூட்டு மாற்று சிகிச்சைக்கு இன்று எடுக்கும் பாலிசி மூன்றாண்டு வரை பயன்படாது என்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வழுக்கும் சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மட்டும் விபத்து என்ற வகையில் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு கிடைக்கும். தொகையைப் பொறுத்தவரை, ஐந்து லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசியும், அதற்கு மேல் ஐந்து லட்சத்தைத் தாண்டிய செலவுக்கு மட்டும் பணம் தரும் சூப்பர் டாப்-அப் ஒன்றும் சேர்த்து எடுப்பது, பெரும்பாலும் பதினைந்து லட்சத்துக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிடச் செலவு குறைந்த வழி. சூப்பர் டாப்-அப் ஓராண்டின் எல்லாச் சேர்க்கைகளையும் கூட்டிப் பார்க்கும். வெறும் டாப்-அப் ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியாகப் பார்க்கும். பெயரில் உள்ள இந்தச் சிறு வேறுபாட்டைக் கவனித்து வாங்குங்கள்.

தந்தையாரின் நிலை வேறு. வழக்கமான பாலிசிக்கு விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை வைத்து மறுக்கலாம், அல்லது கூடுதல் பிரீமியம் கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கென்றே வடிவமைத்த பாலிசிகள் இத்தகையோரையும் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றில் சிலவற்றில் காத்திருப்புக் காலமும் குறைவு. அதற்கு விலையாகக் கோ-பேமென்ட் என்ற பெயரில் ஒவ்வொரு கிளைமிலும் 20 அல்லது 30 சதவீதத்தை நாமே கட்ட வேண்டும். அறை வாடகைக்கும் வரம்பு இருக்கும். அது பில்லில் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். காப்புத் தொகை மூன்று லட்சம். அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். கோ-பேமென்ட் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கி வந்த பில் 2,40,000 ரூபாய். அதில் அறை வாடகை 30,000, மருத்துவர், அறுவை அரங்கு போன்ற கட்டணங்கள் 1,30,000, மருந்தும் உடலுக்குள் பொருத்தும் கருவிகளும் 80,000. அனுமதித்த வாடகைக்கு இரு மடங்கு அறையை எடுத்ததால், வாடகை மட்டுமின்றி மருத்துவர், அரங்குக் கட்டணங்களும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். 15,000, 65,000, வெட்டப்படாத 80,000 ஆகியவற்றைக் கூட்டினால் 1,60,000. அதில் 20 சதவீதம் கழித்துக் கம்பெனி தருவது 1,28,000. மீதி 1,12,000 ரூபாயை மூன்று லட்சத்துக்குப் பாலிசி வைத்திருக்கும் நீங்கள் கட்டுவீர்கள். 3,000 ரூபாய் அறையிலேயே தங்கியிருந்தால் இந்த விகித வெட்டே வந்திருக்காது. கிளைம் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதியோர் பாலிசிகளில் எழும் மனக்கசப்பில் பெரும்பகுதி மறுக்கப்பட்ட கிளைமால் வருவதன்று. இந்த வெட்டைப் பற்றி முன்பே யாரும் சொல்லாததால் வருவது. பாலிசியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அறை வாடகை வரம்பைப் படியுங்கள்.

ஆகவே தந்தையாருக்கு என் கருத்து இதுதான்: நீங்கள் குறித்த மருத்துவமனைகளில் குறைந்தது இரண்டு அவருடைய அரசு அட்டையை இதய சிகிச்சைக்கு ஏற்குமானால், அதையே அவருக்கு முதன்மைப் பாதுகாப்பாக வையுங்கள். அறை வாடகை வரம்பு இல்லாத முதியோர் பாலிசி உங்களால் ஆண்டுதோறும் சிரமமின்றிக் கட்டக்கூடிய பிரீமியத்தில் கிடைத்தால் மட்டும் கூடுதலாக எடுங்கள். இல்லையேல் அந்தப் பிரீமியத்தை அவர் பெயரில் வங்கியில் மருத்துவச் செலவுக்கென ஒதுக்கி வைப்பது தவறான முடிவன்று. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு, பழைய வரி முறையில் இருக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவும் பெறலாம். தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதால், பழைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது பேசினால் புதியதைக் கேளுங்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றும் 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட் நிரப்ப விடாதீர்கள். ‘ஸ்டென்டை எழுதினால் பாலிசி கிடைக்காது, விட்டுவிடலாம் சார்’ என்று அன்பாகவே சொல்வார்கள். பாலிசி தொடர்ந்து ஐந்தாண்டு நடந்த பிறகு, மோசடி என்று நிரூபித்தாலன்றி, மறைத்ததைக் காரணம் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஆனால் 71 வயதில் ஐந்தாண்டு காத்திருந்து சோதித்துப் பார்க்கும் விஷயமா அது? சர்க்கரை எந்த ஆண்டு கண்டறியப்பட்டது, என்ன மாத்திரை, ஸ்டென்ட் வைத்த தேதி ஆகியவற்றைப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து எழுதுங்கள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மருத்துவமனையில் சேர்க்கும்போது பணிமருத்துவர் ‘சர்க்கரை எவ்வளவு நாளா இருக்கு?’ என்று கேட்பார். பெரியவர் ‘அது இருக்குங்க, ரொம்ப காலமா, ஒரு இருபது வருசம் இருக்கும்’ என்பார். அந்த இருபது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். விண்ணப்பத்தில் பதினைந்து என்று இருக்கும். இந்த ஐந்தாண்டு வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். ஆகவே நோய் வரலாற்றை ஒரே தாளில் தேதியுடன் எழுதி, பாலிசி நகல், ஆதார் நகலுடன் ஒரு கோப்பில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். பேசத் தெரிந்தவர் யாரும் உடன் இல்லாத இரவிலும் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.

பாலிசி வந்த 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். அந்த 30 நாளில் விற்றவர் சொன்னதையும் அச்சில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். வங்கிக் கவுன்டரில் சேமிப்புக் கணக்குடன் சேர்த்துத் தரப்படும் குழுப் பாலிசிகள் விலை குறைவாக இருக்கும். வங்கியும் கம்பெனியும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடித்த காத்திருப்புக் காலம் பழைய காப்புத் தொகை அளவுக்குக் கூடவே வரும்.

சேர்க்கையின்போது ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முதல் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி தர வேண்டும் என்பது 2024 மே மாத உத்தரவு. தாமதித்தால் மருத்துவமனை மேசையிடம் சண்டை போடாமல், கோரிக்கை அனுப்பிய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு கம்பெனியின் உதவி எண்ணை அழையுங்கள். கிளைமை மறுத்தாலோ வெட்டினாலோ, எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டு, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை. மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில், விண்ணப்பப் படிவத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து நீங்களே எழுதினால் போதும். அந்த விண்ணப்ப நகலைப் பாலிசியுடன் சேர்த்தே அனுப்புவார்கள்; வராவிட்டால் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.